கணக்குக் கேட்கும் உரிமை: இலங்கைக்குப் படை அனுப்பிய முடிவும் பதில் சொல்லாத அரசுகளும்

நிலைப்பாட்டு அறிக்கை

மேலூர் வட்டத்துத் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன் என்னவாயிற்று என்று பாண்டியன் தன் அமைச்சராக இருந்த அவரிடம் கணக்குக் கேட்ட கதையை மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவணி மூலத் திருவிழாவில் நரி பரியாவதையும் பிட்டுக்கு மண் சுமப்பதையும் ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதே திருவாதவூரில் இன்று இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. மாநகராட்சி எல்லைக்குள் ஆனையூரில் இன்னொன்று, திருமங்கலத்தை ஒட்டிய உச்சப்பட்டியில் மற்றொன்று. அங்கே குடியிருப்பவர்களின் ஊரையும் உறவையும் கலைத்துப்போட்ட முடிவுகளில் ஒன்று 1987இல் டெல்லியில் எடுக்கப்பட்டது. அந்த முடிவுக்கு இன்றுவரை யாரும் கணக்குக் கொடுக்கவில்லை.

மதுரையிலிருந்து இயங்கும் இவ்வமைப்பு அந்தக் கணக்கைக் கேட்கிறது. இலங்கையில் இந்திய அமைதி காக்கும் படையின் செயல்பாடு குறித்துச் சுதந்திரமான விசாரணை ஆணையம் அமைக்கப்பட வேண்டும். நாட்டுக்கு வெளியே போர்ப்படை அனுப்பும் எந்த முடிவும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வர வேண்டும். இவ்வமைப்பின் நிலைப்பாடு இதுவே. அதற்கான காரணங்கள் பின்வருமாறு.

நடந்தது என்ன

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டபோது, இந்தியா தலையிட வேண்டும் என்ற குரல் தமிழகமெங்கும் எழுந்தது. மதுரையும் அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டது. அதே காலத்தில் இந்திய உளவு அமைப்பு தமிழ்ப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. தமிழ்நாட்டிலேயே பயிற்சி முகாம்கள் இயங்கின. ராஜீவ் காந்தி கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. எந்தக் குழுவுக்கு எவ்வளவு ஆயுதம், யார் உத்தரவில், என்ன நோக்கத்தில் என்று அன்று நாடாளுமன்றத்தில் யாரும் விளக்கவில்லை.

1986 மே 4 அன்று மதுரையில் ஈழத்தமிழர் ஆதரவாளர் அமைப்பான டெசோவின் மாநாடு நடந்தது. கருணாநிதி கூட்டிய அந்த மாநாட்டுக்கு வாஜ்பாயும் என்.டி. ராமராவும் வந்திருந்தார்கள். ஈழத்தமிழருக்கு இந்தியாவே துணை என்ற நம்பிக்கையோடு மக்கள் திரண்டார்கள். அதே வாரத்தில் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தின் தலைவர் சிறீ சபாரத்தினத்தைக் கொன்று, அந்த இயக்கத்தையே அழித்தார்கள். கொடுத்த துப்பாக்கி யாரை நோக்கித் திரும்பும் என்பதைக் கொடுத்தவர்கள் தீர்மானிக்க முடியவில்லை.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எந்த மக்களுக்காக ஒப்பந்தமோ அந்த மக்களின் சார்பில் கையெழுத்திட யாரும் இல்லை. இரு தலைவர்களும் அன்றே பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும், அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளும், அயல்நாட்டு வானொலி நிலையங்களும் இடம்பெற்றன. தமிழரின் பாதுகாப்போடு இந்தியாவின் வல்லரசுக் கணக்கும் அந்த மேசையில் இருந்தது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் முன்கூட்டிப் பெறப்படவில்லை. இந்திய அரசியல் சாசனம் அதைக் கட்டாயமாக்கவும் இல்லை.

ஒப்பந்தத்தின்படி வந்திறங்கிய இந்தியப் படையை முதலில் மாலையிட்டு வரவேற்றவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். செப்டம்பர் 26 அன்று நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5 அன்று பலாலியில் காவலில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட புலிகள் நஞ்சு அருந்தி மாண்டார்கள். அக்டோபர் 10 அன்று புலிகளுக்கு எதிராக இந்தியப் படையின் ‘பவன்’ நடவடிக்கை தொடங்கியது. அமைதி காக்கப் போன படை, எழுபத்தைந்து நாட்களுக்குள் போர்ப்படையாகிவிட்டது. அந்த மாற்றத்தை யார், எந்தத் தகவலின் அடிப்படையில் முடிவு செய்தார்கள் என்பதே விசாரிக்கப்பட வேண்டிய முதல் கேள்வி.

விலை கொடுத்தவர்கள்

1987 அக்டோபர் 21, தீபாவளி. அன்று இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள். உள்ளிருந்து சுட்டார்கள் என்பது படையின் விளக்கம். அன்றும் மறுநாளும் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள் என்று எழுபது பேர் வரை கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலையில், உயிரோடிருந்த செவிலியர்களைக் காப்பாற்றுவதற்காகக் கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்த குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் சுட்டு வீழ்த்தப்பட்டார்.

1989 ஆகஸ்ட் 2 அன்று வல்வெட்டித்துறையில் புலிகளின் தாக்குதலில் இந்திய வீரர்கள் சிலர் இறந்தனர். அதைத் தொடர்ந்து படையினர் ஊருக்குள் புகுந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தப் படுகொலையை வியட்நாமின் மைலாய்க்கு ஒப்பிட்டு அதே ஆண்டில் வெளிவந்த ஆவண நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். ஒன்பது ஆண்டு கழித்து அவரே நாட்டின் பாதுகாப்பு அமைச்சரானார். அப்போதும் வல்வெட்டித்துறைக்கென்று பொது விசாரணை எதுவும் அமைக்கப்படவில்லை. காங்கிரஸ், ஜனதா தளம், பாரதிய ஜனதா என்று ஆட்சிகள் மாறினாலும் மௌனம் மட்டும் மாறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

படைவீரர்களின் உயிரும் இந்தக் கணக்கில் சேரும். 1987 அக்டோபர் நடுவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் நள்ளிரவில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் மாண்டார்கள். தகவல் முன்பே கசிந்த ஒரு திட்டத்துக்கு அவர்கள் பலியானார்கள். நவம்பர் 25 அன்று வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் புறப்பட்டபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். காயமுற்றோர் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களும் அந்தப் போரில் நின்றார்கள். தங்கள் மொழி பேசும் மக்களின் வீட்டுக் கதவைத் துப்பாக்கியோடு தட்ட வேண்டிய நிலைக்கு அவர்களை அனுப்பியவர்கள் டெல்லியில் இருந்தார்கள்.

இந்தியப் படையின் நிழலில் 1989இல் ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்ற பெயரில் சிறுவர்களும் இளைஞர்களும் வீதியிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். படை வெளியேறியதும் அந்தப் பிள்ளைகள் புலிகளிடம் அகப்பட்டார்கள். வடகிழக்கு மாகாண முதல்வர் வரதராஜப் பெருமாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிவரக் கப்பல் வரவில்லை.

புலிகள் செய்த கொலைகளை இவ்வமைப்பு மறைக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திரணகம, இந்தியப் படையின் அத்துமீறல்களையும் புலிகளின் கொடுமைகளையும் ஒரே நேர்மையோடு ‘முறிந்த பனை’ நூலில் சக ஆசிரியர்களோடு சேர்ந்து பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று அவர் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது புலிகள் என்பது அவருடன் பணியாற்றியோரின் குற்றச்சாட்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையை விசாரிக்க வர்மா ஆணையம், ஜெயின் ஆணையம் என இரண்டு ஆணையங்கள் அமைக்கப்பட்டன. அது சரியே. அதே நியாயம் யாழ்ப்பாண மருத்துவமனையின் நோயாளிகளுக்கும், பல்கலைக்கழக மைதானத்தில் விழுந்த வீரர்களுக்கும் ஏன் இல்லை?

முகாம்களில் தொடரும் செலவு

அரசுக் கணக்குப்படி 1983 முதல் 1987 முடிய வந்த அகதிகள் ஏறத்தாழ 1,34,000 பேர். ஒப்பந்தத்தை நம்பி அவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். படை விலகி மீண்டும் போர் மூண்ட காலத்தில், 1989 ஆகஸ்டுக்கும் 1991 ஏப்ரலுக்கும் இடையில் மேலும் 1,22,000 பேர் கடல் தாண்டினார்கள். படகில் வந்து, மண்டபத்தில் பதிவாகி, பஸ்ஸில் ஏற்றப்பட்டு மதுரைப் பக்கத்து முகாம்களுக்கு வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

முகாமில் பெயர் அழைத்துக் கணக்கெடுப்பார்கள். அந்த நேரத்தில் ஆள் இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும். 2016 மார்ச்சில் உச்சப்பட்டி முகாமில் கணக்கெடுப்பின்போது, மருத்துவமனையில் இருந்த மகனுக்கு வருகை பதிய மறுக்கப்பட்டதால் எழுந்த வாக்குவாதத்தைத் தொடர்ந்து, ஒரு தகப்பன் மின்கோபுரத்தில் ஏறி உயிரை மாய்த்துக்கொண்டார். கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே நிலத்தில் வாழ்ந்தும் அந்த நிலத்தின் மனிதராக எண்ணப்படாத வாழ்வின் முடிவு அது.

2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை மாற்றியது. புதிய வீடுகளுக்குப் பணம் ஒதுக்கியது. வரவேற்கத்தக்க வேலை. ஆனால் குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் பெயரைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. அதே 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மலையக வம்சாவளியினர் 65 பேரின் குடியுரிமை விண்ணப்பத்தை ஒன்றிய அரசு பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2025 செப்டம்பரில் வந்த அரசாணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. சிறை பயம் குறைந்தது, குடியுரிமை வரவில்லை.

மற்ற நாடுகளும் நம் நாடும்

இராக் போரில் பிரிட்டன் சேர்ந்ததை விசாரித்த சில்காட் குழு 2016 ஜூலையில் அறிக்கை தந்தது. பிரதமராக இருந்த டோனி பிளேர் அந்தக் குழுவின் முன் அமர்ந்து பதில் சொன்னார். ஸ்ரெப்ரெனிகாவில் டச்சுப் படை மக்களைக் காக்கத் தவறியது பற்றிய அறிக்கை 2002 ஏப்ரலில் வெளியானதும் பிரதமர் விம் கோக்கின் அமைச்சரவையே பதவி விலகியது. ஆப்கானிஸ்தானில் தம் படையினர் செய்த கொலைகளை ஆஸ்திரேலியா 2020இல் தானே வெளியிட்டது. ஜெர்மனியில் படை வெளியே போக நாடாளுமன்றத்தின் வாக்கு வேண்டும்.

இந்தியாவாலும் இது முடியும். கார்கில் போர் முடிந்த கையோடு 1999இல் கே. சுப்பிரமணியம் தலைமையில் குழு அமைத்து, மறு ஆண்டே அதன் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். 2003 ஏப்ரலில் இராக் போரைக் கண்டித்து நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்கா படை கேட்டபோது ஜூலை மாதம் அமைச்சரவைக் குழு மறுத்துவிட்டது. சபையில் பேசப்பட்ட விஷயத்தில் அரசு நிதானித்தது. பல வீடுகளில் சாவுச் செய்தி வராமல் போனது.

விசாரணை நடந்தால் ராணுவத்தின் மனவுறுதி குலையும் என்பார்கள். ஆனால் இலங்கையில் அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங்கே தன் நூலில், பேச்சுக்கு வரும் பிரபாகரனைக் கைது செய்யவோ சுட்டுவிடவோ தூதர் ஜே.என். தீட்சித் சொன்னதாகவும், தான் மறுத்ததாகவும் எழுதியிருக்கிறார். இது ஒரு தரப்பின் சாட்சியம். தீட்சித் 2005இல் காலமானார். மறுமொழி கேட்க வழியில்லை. விசாரணை தள்ளிப்போகத் தள்ளிப்போக ஒவ்வொரு சாட்சியும் இப்படித்தான் நம்மைவிட்டுப் போகிறார். உத்தரவை மறுத்த அதிகாரியின் மானத்தையும் அப்பாவி வீரனின் பெயரையும் காக்க வேண்டுமென்றால் உண்மை வெளிவர வேண்டும்.

கோரிக்கைகள்

முதலாவது, 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைய வேண்டும். 1983 முதல் 1990 வரையிலான ஆயுத உதவி, படை அனுப்பிய முடிவு, பொதுமக்கள் கொலைகள், படைவீரர் மரணங்கள் அனைத்தும் அதன் வரம்பில் வர வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அமர்ந்து, முகாம் மக்களையும் முன்னாள் படைவீரர்களையும் அவர்கள் மொழியிலேயே அது கேட்க வேண்டும்.

இரண்டாவது, கோப்புகள் திறக்கப்பட வேண்டும். பொது ஆவண விதிகள் வகுத்த இருபத்தைந்து ஆண்டுக் காலம் 2015லேயே முடிந்துவிட்டது.

மூன்றாவது, அயல்நாட்டுக்குப் போர்ப்படை அனுப்பும் முடிவு, நெருக்கடியில் எடுக்கப்பட்டாலும், குறித்த நாட்களுக்குள் இரு அவைகளின் ஒப்புதல் பெற வேண்டும் என்று சட்டம் வேண்டும். அயல்நாட்டுக் குழுக்களுக்கு ஆயுதம் தரும் ரகசிய நடவடிக்கைகள் நாடாளுமன்றக் குழு ஒன்றின் கண்காணிப்பின் கீழ் வர வேண்டும்.

நான்காவது, யாழ்ப்பாண மருத்துவமனையிலும் வல்வெட்டித்துறையிலும் கொல்லப்பட்டோரின் குடும்பங்களிடம் இந்திய அரசு வருத்தம் தெரிவித்து இழப்பீடு வழங்க வேண்டும்.

ஐந்தாவது, முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரில் விரும்புவோருக்குக் குடியுரிமை வழங்கப்பட வேண்டும்; இங்கேயே பிறந்த பிள்ளைகளின் விண்ணப்பங்கள் முதலில் எடுக்கப்பட வேண்டும். திரும்பிப்போக விரும்புவோருக்கு நிலமும் பாதுகாப்பும் கிடைக்க இந்தியா இலங்கையுடன் பேச வேண்டும்.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தேனி, திண்டுக்கல் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களிடம் இவ்வமைப்பு கேட்பது இது: மூன்றாவது கோரிக்கையைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவாருங்கள், முதல் கோரிக்கையை அவையில் எழுப்புங்கள். வாசகர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கு முன், திருவாதவூர் பக்கம் போகும் நாளில் முகாமுக்குள் சென்று அங்குள்ள பெரியவர்களிடம் 1987இல் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.