கூடத்தில் ஒன்று, உள் அறையில் ஒன்று

அதிகம் நடமாட முடியாத மாமியார் உள் அறையில், டி.வி.யோ கூடத்தில். பல வீடுகளில் இதுதான் நிலைமை. அந்த அறைக்குப் பழைய டி.வி. ஒன்றை நகர்த்திவிடலாம்; ஆனால் இன்னொரு இணைப்புக்கு மாதா மாதம் யார் பணம் கட்டுவது?

கட்டவே வேண்டாம், சகோதரிகளே! செட்டாப் பாக்ஸின் பின்னால் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயருக்குத் துளை இருந்தால் பழைய டி.வி.க்கு அதுவே போதும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. கூடத்து டி.வி. எப்போதும்போல எச்.டி.எம்.ஐ. ஒயரில் ஓடட்டும்.

இரண்டுமே புது டி.வி. என்றால் 'எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர்' கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் 'ஸ்விட்ச்' எடுத்துக் கொடுத்துவிடுவார், உஷார்! அது பல பெட்டிகளை ஒரே டி.வி.யில் மாற்றி மாற்றிப் பார்க்க, நமக்கு உதவாது. கரண்டுக்குத் தனி அடாப்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒயர் 10 மீட்டருக்கு மேல் நீண்டால் படம் விட்டு விட்டு வரலாம்.

ஒரு சங்கடம் உண்டு. இரண்டிலும் ஒரே சேனல்தான் தெரியும். கூடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு மாற்றினால் பாட்டிக்கும் கிரிக்கெட்தான்! ரிமோட்டும் பெரும்பாலும் பெட்டிக்கு நேரே காட்டினால்தான் கேட்கும். ஆகவே, பாட்டியின் தொடர் நேரத்தில் யாரும் சேனலைத் தொடுவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

ஒயரை மட்டும் தரையில் குறுக்கே விடவே விடாதீர்கள். கதவு நிலைக்கு மேலாக, சுவரோரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ராத்திரியில் தடுமாறி எழுந்து நடப்பவருக்கு அது கண்ணில் படாது.