மூடுவதற்கு முன்னா, மூடிய பின்னா?

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பைனாகுலர் பழுதுபார்ப்பவரின் பட்டறைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் தவறவிடாத பெரியவர் ஒருவர் கொடுத்த போரோ பிரிஸம் கருவி மேஜைமேல் பிரிந்து கிடந்தது. உள்ளே பூஞ்சை. துடைத்துப் பூட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் மொட்டைமாடிக்கு ஏறினார். மைதானத்து விளக்குக் கோபுரம் இரண்டு கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிகிறவரை, முன் லென்ஸைப் பிடித்திருக்கும் எக்சென்ட்ரிக் வளையங்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியதில் மதியம் முழுக்கப் போய்விட்டது. "துடைச்சதுக்குக் காசு கேட்டா குடுத்துடுவாங்க சார், இதுக்குக் கேட்டாத்தான் முறைப்பாங்க" என்றார்.

வாடிக்கையாளர் விருப்பப்படி பைனாகுலர் செய்துதரலாமா என்று நம் வாசகர்கள் சிலர் கேட்டு வருகிறார்கள். அவர்கள் போடும் கணக்கில் பெரும்பாலும் விடுபடுவது இந்த மதிய நேரம்தான். 1894-இல் ஸைஸ் பிரிஸம் பைனாகுலரைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்திலேயே கூடப் பிறந்த தலைவலி இது.

அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மைனஸ் 6 வரை கால் கால் டையாப்டராக எண்ணினால் பூஜ்யத்தோடு 25 பவர். சிலிண்டர் 2 வரை 9. பெருக்கினால் 225 வகை. ஆக்ஸிஸ் கோணங்களையும் சேர்த்தால் எந்த அலமாரியும் தாங்காது. ஆனால் கோணத்தை யாரும் ஸ்டாக் வைப்பதில்லை. வட்ட லென்ஸை லென்ஸோமீட்டரில் வைத்து, சீட்டிலுள்ள கோணத்துக்குச் சுழற்றி, மூன்று மைப்புள்ளி குத்தி எட்ஜிங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் வேலை கடைசியில் வருகிறது. தப்பினால் ஒரு லென்ஸ் நஷ்டம், அவ்வளவுதான்.

பைனாகுலரில் நிலைமை தலைகீழ். உருப்பெருக்கத்தை மாற்ற ஐபீஸை மாற்ற வேண்டும். மாற்றினால் இரு குழாயையும் மறுபடி ஒருகோட்டில் நிறுத்த வேண்டும். நிறுத்தியபின் ஓ-ரிங் போட்டு, நைட்ரஜன் நிரப்பி, கசிவு சோதிக்க வேண்டும். 8 மடங்கு கருவியில் குழாயின் சின்னக் கோணல் ஏறக்குறைய அத்தனை மடங்கு பெருகிக் கண்ணை வலிக்கவைக்கும். ரிஜெக்ட் ஆனால் முழுக் கருவியும் மேஜைக்குத் திரும்பும். ஆகவே மூடுவதற்கு முன் தரும் விருப்பத்துக்கு ஒரு விலை, மூடிய பின் தருவதற்கு வேறு விலை. இரண்டையும் ஒரே பட்டியலில் போடுகிறவர் கையைச் சுட்டுக்கொள்வார்.

வெளியே செய்வதெல்லாம் மலிவு என்றும் சொல்லவில்லை. ரப்பர் உறையின் நிறம் மாற்றுவது சின்னச் செலவு. வடிவம் மாற்றினால் புது மோல்டு. மோல்டு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 6000 கருவிக்கு ஓடினால் தலைக்கு 100 ரூபாய். 300-தான் விற்றால் 2000. 2009-இல் பென்டாக்ஸ் தன் கே-எக்ஸ் கேமராவை ஜப்பானில் 100 நிறச் சேர்க்கைகளில் விற்றது. உடலுக்கு 20 நிறம், பிடிக்கு 5. 25 நிறத்தை வைத்துக்கொண்டு 100 கேமரா காட்டினார்கள். உள்ளே சென்ஸார், மவுண்ட் எதையும் தொடவில்லை.

நிறத்தைவிட நம் ஊரில் விற்கக்கூடியது ஒன்று உண்டு. பைனாகுலரின் ஃபோகஸ் கிட்டப்பார்வை, தூரப்பார்வையைச் சரிக்கட்டும். சிலிண்டர் பவரை அதனால் சரிசெய்ய முடியாது. அதனால்தான் பலர் கண்ணாடியோடு பார்த்து, காட்சியின் ஓரத்தை இழக்கிறார்கள். டெலஸ்கோப் ஐபீஸுக்கு டெலி வ்யூ நிறுவனம் டயாப்ட்ரிக்ஸ் என்ற பெயரில் சிலிண்டர் லென்ஸ் மூடி விற்கிறது. கோணத்தை வாங்குபவரே சுழற்றி வைத்துக்கொள்கிறார். பைனாகுலருக்கும் இப்படி ஒரு ஜோடி மூடி போடலாம். லென்ஸ் நம் கடையிலேயே இருக்கிறது, கருவியைத் திறக்க வேண்டியதில்லை. ஐகப்பின் வெளிவிட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதுதான் தொல்லை. எல்லாவற்றுக்கும் வளையம் வார்க்கப் போனால் மோல்டுக் கணக்கு மறுபடி வாசலில் வந்து நிற்கும். அதிகம் ஓடும் இரண்டு மூன்று மாடலுக்கு லேத்தில் கடைந்து ஆரம்பிக்கலாம்.