பெயரைப் பிழையின்றி எழுதுவோம்

பெயர் என்பது பெற்றோர் பிள்ளைக்கு அளிக்கும் முதற்செல்வம். அதனைச் சிதைத்தெழுதுதல் தகாது என்பது எம் கருத்து.

ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர், "தாமஸ்ஸின் பை" என்று எழுதியிருந்தார். திருத்தியபோது, "பஸ் என்பது பஸ்ஸின் என்று வருகிறதே, ஐயா! தாமஸ் மட்டும் ஏன் இரட்டிக்கக் கூடாது?" என வினவினார்.

நல்ல வினா. நன்னூல் இதற்கு வழிகாட்டுகிறது. தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், உயிர் வந்து சேருங்கால் இரட்டிக்கும். கல், கல்லின் ஆகும். பஸ், பஸ்ஸின் ஆகும். ஏனைய இடங்களில் இரட்டிக்காது. நம் சுங்காய், சுங்காயின் ஆகும். தாமஸ், தாமஸின் ஆகும். ஜேம்ஸ், ஜேம்ஸின் ஆகும்.

வடவெழுத்தை விலக்கித் தாமசு, தாமசின் என எழுதுவோரும் உளர். அதுவும் மரபே. ஆயினும், ஒருவர் தம் பெயரை எவ்வாறு எழுதுகிறாரோ, அவ்வாறே நாமும் எழுதுதல் பண்பாடு.

மலாய் மொழியில் உடையவர் பெயர், பொருளுக்குப் பின்னே உருபின்றி நிற்கும். ஆங்கிலத்திலோ இத்தகைய பெயர்களை இருவகையாக எழுதுவர். மும்மொழி பயிலும் நம் தோட்டப் பிள்ளைகள் மயங்குதல் இயல்பே. மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அமைவது ஆசிரியர் கடமையாகாது. காரணத்தையும் சொல்லித் திருத்த வேண்டும்.

பெற்றோரே! வேலை முடிந்து இல்லம் திரும்பியதும் பிள்ளைகளின் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். "ஏன்?" என்று கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள். காரணம் கேட்ட அம்மாணவரை யாம் மனமாரப் பாராட்டுகிறோம்.