இசை நாடக டெமோவுக்கு பர்சனல் லோனா? வேண்டாமே!

நீங்களும் உங்க நண்பர்களும் சேர்ந்து சொந்தமா கதை, பாட்டு, மெட்டுன்னு ஒரு இசை நாடகமே தயார் பண்ணிட்டீங்க. தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்ட ஒரு டெமோ வேணும். உடனே ஸ்டுடியோ, அதுக்கு 2 லட்சம் பர்சனல் லோன். இங்கதான் எனக்கு உடன்பாடு இல்ல.

கணக்கைப் பாருங்க. 14 சதவீத வட்டி, 3 வருஷம்னா மாசத் தவணை சுமார் 6,835 ரூபாய். வட்டி மட்டும் 46,000-ஐத் தாண்டும். நாடகம் மேடை ஏறலைன்னாலும் தவணை தேதி தவறாம வரும்.

டெமோ விக்கிற சரக்கு இல்ல. பாட்டு நிக்குதா, கதை புரியுதான்னு கேக்கறவர் முடிவு பண்ணணும், அவ்ளோதான். அதுக்கு உங்க போன், இலவசமா கிடைக்கிற ஆடாசிட்டி, துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து வச்ச ஒரு படுக்கையறை போதும். ஃபேனை அணைச்சுடுங்க. பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடங்கற நேரமாப் பாருங்க. கையில கொஞ்சம் காசு இருந்தா, நல்லாப் பாடற ரெண்டு பேருக்குக் கொடுங்க. குரல் சரியில்லைன்னா எந்த மைக்கும் காப்பாத்தாது.

முழு நாடகத்தையும் ரெக்கார்டு பண்ணணும்னு அவசியமில்ல, 3 பாட்டு போதும். 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' நாடகத்துல இருந்து 1969-ல முதல்ல வெளிவந்தது ஒரே ஒரு பாட்டோட இசைத்தட்டுதான். 1970-ல முழு ஆல்பம், 1971-ல பிராட்வே மேடை. (அதுக்கும் காசு போட்டது இசைத்தட்டு கம்பெனி, எழுதின ரெண்டு பேர் இல்ல!)

ஆனா ஒரு விஷயத்துல அலட்சியம் கூடவே கூடாது. மெட்டு போட்டது உங்க நண்பர்னா, அந்த இசைக்கு முதல் உரிமை அவருக்குத்தான். "நம்ம பையன்தானே"ன்னு வாய்ப்பேச்சோட விட்டா, நாளைக்கு யாராவது காசோட வரும்போது சண்டை ஆரம்பிக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாத்திக் கொடுக்கறது எழுத்துல, கையெழுத்தோட இருந்தாதான் செல்லும். காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்னு எடுத்துக்குவாங்க. எல்லை குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனால யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம்னு ஒரு பக்கத்துல எழுதி, ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. அரசுப் பதிவு கட்டாயம் இல்ல. பண்ணினாலும் பாட்டு வரிக்கோ இசைக்கோ ஒரு படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம்.

பாடினவங்களுக்கு ஜிபேல பணம் அனுப்பும்போது, எந்தப் பாட்டுக்குன்னு குறிப்புல ரெண்டு வார்த்தை போட்டுடுங்க.