கை நடுக்கம் 'வயசாச்சு' என்பதால் மட்டும்தானா? பார்கின்சன் நோயாளிகளுக்குப் புதுக்கோட்டையில் என்ன உதவி கிடைக்கும்?

கை லேசாக நடுங்குகிறது. நடை மெதுவாகிவிட்டது. சட்டைப் பட்டன் போடவே ஐந்து நிமிடம் ஆகிறது. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பார்கின்சன் நோய் பல வீடுகளில் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் பெயர் தெரியாமலே இருக்கிறது. ஊர்ப்பேச்சில் இதை நடுக்குவாதம், உதறுவாதம் என்பார்கள்.

2019 நிலவரப்படி உலகம் முழுக்க 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் 2016-ல் சுமார் 5.8 லட்சம் பேர் இருந்ததாக ஒரு சர்வதேச மதிப்பீடு உண்டு. 2050-க்குள் உலக எண்ணிக்கை 2.5 கோடியைத் தாண்டும் என்று 2025-ல் வெளியான ஆய்வு கணித்திருக்கிறது. மக்கள் நீண்ட காலம் வாழ்வதே அதற்கு முதல் காரணம்.

ஸ்டெம் செல் சிகிச்சை, மூளைக்குள் 'பேஸ்மேக்கர்' என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதெல்லாம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் ஒரு நோயாளிக்கு இன்றைக்குக் கையில் கிடைப்பது என்ன? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ரொம்பப் பெரியது.

நடுக்கம் இல்லாமலும் வருமா?

வரும். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் இந்த நோய். உடல் அசைவைச் சீராக வைத்திருப்பது டோபமைன். அது குறையும்போது அசைவுகள் மந்தமாகின்றன, தசை இறுகுகிறது, சும்மா வைத்திருக்கும் கை நடுங்குகிறது. ஆனால் கணிசமான நோயாளிகளுக்கு நடுக்கமே இருக்காது. முகத்தில் உணர்ச்சி குறையும், குரல் கம்மிவிடும், கையெழுத்து வரவரச் சிறிதாகும். இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்துவது, கைகாலை உதறுவது போன்றவை வந்திருக்கலாம். மல்லிகைப் பூ மணமே தெரியலை என்று ஒருவர் சொன்னால் அதை யாரும் மூளையோடு முடிச்சுப் போட மாட்டார்கள்தானே!

ரத்தப் பரிசோதனை செய்து இதை உறுதிப்படுத்த முடியாது. நரம்பியல் மருத்துவர் நோயாளியை நடக்கச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புதுக்கோட்டையில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் நரம்பு சம்பந்தப்பட்ட பிரச்சினை என்றாலே திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று பஸ் ஏறும் பழக்கம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் இருப்பவருக்குத் திருச்சி 100 கிலோமீட்டருக்கும் மேல். நடக்கவே தடுமாறும் ஒருவரை அவ்வளவு தூரம் கூட்டிப்போக, கூடவே ஒருவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சில மாத்திரைகளே பார்கின்சன் போன்ற அறிகுறிகளை உண்டாக்கும். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைட், 'கேஸ்' தொல்லைக்கான மாத்திரைகளில் சேர்ந்துவரும் லெவோசல்பிரைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனரிசின், சில மனநல மருந்துகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் முதியவர்கள் அதிகம். மருந்தை மருத்துவர் நிறுத்தினாலோ மாற்றினாலோ பலருக்கு நடுக்கம் குறைந்துவிடும். அதனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. தானாக நிறுத்தக் கூடாது.

ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

அதிகம் பேசப்படுவது ஸ்டெம் செல். 2025 ஏப்ரலில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளியாகின. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 7 பேருக்கும், அமெரிக்கா, கனடாவில் 12 பேருக்கும் டோபமைன் சுரக்கக்கூடிய செல்களை மூளைக்குள் செலுத்தினார்கள். செல்கள் பிழைத்தன, பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை, சிலருக்கு அசைவில் முன்னேற்றமும் தெரிந்தது. மொத்தம் 19 பேர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. இதைக் காட்டி 'ஸ்டெம் செல் போட்டா சரியாயிடும்' என்று யாராவது இங்கே லட்சக்கணக்கில் பணம் கேட்டால், உஷாராக இருக்க வேண்டிய இடம் அது.

சர்க்கரை நோய் மருந்து பார்கின்சனைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. 2024-ல் பிரான்சில் 156 பேரிடம் லிக்சிசெனடைடு ஊசியைச் சோதித்தபோது, ஓராண்டில் நோய் முற்றும் வேகம் சற்றுக் குறைந்தது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த எக்செனடைடு மருந்தைப் பிரிட்டனில் 194 பேருக்கு 96 வாரங்கள் கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை என்று 2025 பிப்ரவரியில் முடிவு வந்தது. நம்பிக்கையும் ஏமாற்றமும் ஒரே ஆண்டுக்குள். நோய் முற்றுவதையே நிறுத்தும் மருந்து என்று நிரூபிக்கப்பட்டது எதுவும் இன்றுவரை இல்லை.

முதுகுத் தண்டு நீரை எடுத்து நோயைக் கண்டறியும் சோதனை 2023-ல் 1,100-க்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வில், 100 நோயாளிகளில் சுமார் 88 பேரைச் சரியாகக் காட்டியது. மூளைக்குள் மின்முனை பொருத்தும் டிபிஎஸ் சிகிச்சையில், மூளையின் சமிக்ஞைக்கு ஏற்பத் தானே மின்தூண்டலைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு அமெரிக்கா 2025 பிப்ரவரியில் அனுமதி தந்தது. டிபிஎஸ் இந்தியாவிலும் நடக்கிறது. ஆனால் செலவு பல லட்சம், எல்லா நோயாளிக்கும் பொருந்தாது.

விவசாய மாவட்டம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பூச்சிக்கொல்லி தெளிப்போரிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியையோ ரோட்டெனோன் என்ற பூச்சிக்கொல்லியையோ பயன்படுத்தியவர்களுக்குப் பார்கின்சன் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு. தொடர்பு தெரிகிறது, இதுதான் காரணம் என்று முடிவாகிவிடவில்லை. ஆனாலும் வெறும் கையோடு மருந்தடிப்பதை நிறுத்த இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மருந்துக்கும் மெட்ராஸுக்கும் ஒரு தொடர்பு

அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நோய்க்கு முதன்மை மருந்து லெவோடோபாதான். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். 1937-ல் மெட்ராஸில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது பார்கின்சனுக்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பார்கின்சன் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்ததே 1960-களில்தான்.

அப்படின்னா நாட்டுமருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கிச் சாப்பிட்டால் போதுமா? பொலிவியாவில் 18 நோயாளிகளிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், அளந்து கொடுத்த பொடி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கடையில் வாங்கும் பொடியில் லெவோடோபா எவ்வளவு என்று யாரும் அளந்து தருவதில்லை. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு எகிறி, கைகால் தானாக நெளியத் தொடங்கலாம், ரத்த அழுத்தம் சரியலாம்.

மாத்திரையில் பெரிய விஷயம் நேரம். பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்வது அதனால்தான். காலை 8 மணி மாத்திரை 10 மணிக்குப் போனால், இடைப்பட்ட நேரத்தில் ஆள் சிலை மாதிரி ஆகிவிடுவார். திடீரென அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்த்தால், பார்கின்சன் மாத்திரை நேரத்தை ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

சைக்கிள் ஓட்டிய மாவட்டம்

மாத்திரைக்கு அடுத்தபடியாக ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது உடற்பயிற்சியை. அதில் சைக்கிளுக்குத் தனி இடம் உண்டு. நெதர்லாந்தில் நடக்கவே முடியாமல் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் 58 வயது நோயாளி ஒருவர், சைக்கிளில் ஏறியதும் சிரமமே இல்லாமல் ஓட்டியதை நரம்பியல் மருத்துவர் பாஸ்டியன் புளோம் 2010-ல் பதிவு செய்தார். பிறகு அவரது குழு 130 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை வீட்டிலேயே நிலையான சைக்கிளை வாரம் மூன்று முறை, ஆறு மாதம் மிதிக்க வைத்தது. வெறும் தசைநீட்சிப் பயிற்சி செய்த மறுபிரிவைவிட அவர்களுக்கு அசைவுப் பிரச்சினை குறைவாகவே முற்றியது. இது 2019-ல் வெளியான முடிவு.

சைக்கிள் புதுக்கோட்டைக்குப் புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. அன்றைக்கு 25, 30 வயதில் ஹேண்டில்பாரைப் பிடித்தவர்கள் இப்போது 60-ஐத் தொட்டும் தாண்டியும் இருக்கிறார்கள். பார்கின்சன் பெரும்பாலும் தலைகாட்டும் வயசும் அதுதான். ரோட்டில் ஓட்டினால் விழும் ஆபத்து உண்டு. ஆனால் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளின் பெடலை, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள மிதிக்கலாம். இதய நோய் இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

வாசல்படியில் கால் உறைந்து நின்றுவிட்டால் பின்னாலிருந்து தள்ளவோ இழுக்கவோ கூடாது. தரையில் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்டச் சொன்னாலோ, "ஒண்ணு... ரெண்டு..." என்று தாளமாக எண்ணினாலோ பலருக்குக் கால் நகரும். கும்மிப்பாட்டுத் தாளம் தெரிந்த ஊரில் இதற்குத் தனிக் கருவி தேவையில்லை.

மாவட்டத்தில் என்ன கிடைக்கும்?

2011 கணக்கெடுப்புப்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 16.18 லட்சம். ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில். அதனால் உதவி வீட்டுக்கே வருவதுதான் முக்கியம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதும், படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்த்தணிப்பு சேவையும் அதில் உண்டு. பார்கின்சன் நோயாளிக்குத் தேவைப்படுவது இவை இரண்டும்தான். ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்து கேட்க வேண்டும். கேட்காதவர் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் தானாக வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது சட்டம் தந்திருக்கும் உரிமை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில் பார்கின்சன் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. தமிழக அரசின் மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலிலும் இந்த நோய் இருக்கிறது. 'கை நடுங்குறவங்க எல்லாம் மாற்றுத்திறனாளியா?' என்ற தயக்கத்திலேயே பல குடும்பங்கள் விண்ணப்பிப்பதில்லை. மருத்துவச் சான்று, ஆதார், புகைப்படத்தோடு ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அறுவை சிகிச்சை வரை போக வேண்டியவர்கள், ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் தங்கள் சிகிச்சை வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடிப் பேசி, ஒன்றாகப் பயிற்சி செய்யும் ஆதரவுக் குழுக்களை, மும்பையில் 2001-ல் நரம்பியல் மருத்துவர் பி.எஸ்.சிங்கால் தொடங்கிய அமைப்பு நாட்டின் பல நகரங்களில் இலவசமாக நடத்துகிறது. கிராமத்துக்கு அந்த அளவு ஏற்பாடு கூடத் தேவையில்லை. மகளிர் குழு கூடும் இடத்தில் மாதம் ஒருமுறை நாலு குடும்பம் உட்கார்ந்தாலே, மனைவியோ மருமகளோ தனியாகச் சுமக்கும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஓர் இடம் கிடைக்கும். பார்கின்சன் நோயாளிகளில் பலருக்கு மனச்சோர்வும் வருகிறது. அது நோயின் ஒரு பகுதிதான், அதற்கும் மருந்து இருக்கிறது.

சான்றிதழுக்காக மருத்துவக் குழு முன் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நோயாளி ஓரளவு நன்றாகவே நடப்பார். பார்ப்பவர்களுக்குப் பாதிப்பு குறைவாகத் தெரியும். அதற்காக மாத்திரையைப் போடாமல் கூட்டிப்போவது ஆபத்து. மருந்தின் வேகம் குறைந்த நேரத்தில் அவர் எழுந்திருக்க, நடக்க, சாப்பிடப் படும் பாட்டை இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து, நேரத்தையும் குறித்துக்கொண்டு, மருத்துவர்களிடம் காட்டலாம்.