மாரடைப்புக்குப் பின் ஸ்டாட்டின் மாத்திரை: கொழுப்பு அளவு குறைந்த பிறகும் ஏன் தொடர வேண்டும்?

தமிழ்நாடு அரசு 2023-ஆம் ஆண்டு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரைகள் ஒரே வேளையாக வழங்கப்படுகின்றன. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அட்டர்வாஸ்டாட்டின் எட்டு. முதல் இரண்டும் இரத்தம் மேலும் உறையாமல் தடுப்பவை. அவற்றின் தேவை எளிதில் விளங்கும். மீதமுள்ள எட்டும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகள். உயிர் ஊசலாடும் நேரத்தில் கொழுப்பு மாத்திரை எதற்கு என்று உடன் வந்தவர்கள் கேட்பதுண்டு. சில மாதங்கள் கழித்து நோயாளியே வேறொரு கேள்வியுடன் வருகிறார்: “கொழுப்புதான் இறங்கிவிட்டதே, இனி எதற்கு?” இந்த இரண்டாவது கேள்விக்குச் சரியான விடை கிடைக்காமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களுக்காகவே இந்தப் பக்கம் எழுதப்படுகிறது.

சாந்தோம், நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பகுதிகளிலிருந்து வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் இதை அடிக்கடி காண்கிறோம். அண்மையில் கால் புண்ணுக்காக வந்த மீன் வியாபாரி ஒருவர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறார். கொழுப்பு மாத்திரையை மட்டும் மூன்று மாதமாக நிறுத்தியிருந்தார். காரணம் கேட்டபோது ஆய்வக அறிக்கையை எடுத்துக் காட்டினார். அதில் எல்லாம் இயல்பு அளவுக்குள் இருப்பதாக அச்சிடப்பட்டிருந்தது. மேலும், நாள்தோறும் மீன் உண்பவருக்குக் கொழுப்பு சேராது என்றும் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவர் காட்டிய அறிக்கையில் பிழை எதுவும் இல்லை. ஆனால், அதில் அச்சிடப்படும் ‘இயல்பு அளவு’ இதயநோய் இல்லாத பொதுமக்களுக்கானது. மாரடைப்பு ஏற்பட்டவருக்கு இலக்கு வேறு. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இத்தகையோரின் எல்.டி.எல். கொழுப்பு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அறிக்கையில் 90 என்று இருந்தால் மற்றவருக்கு அது இயல்பு. உங்களுக்கு அது அதிகம்.

தமனியின் சுவரில் நடப்பது என்ன?

இதயத் தமனியின் சுவருக்குள் எல்.டி.எல். கொழுப்பு பல ஆண்டுகளாகச் சேர்ந்து படிவாகிறது. கொழுப்பு உட்புறத்தில் கூழ்போல் இருக்கும். அதன்மேல் நார்த்திசுவாலான உறை ஒன்று மூடியிருக்கும். அழற்சியால் இந்த உறை மெலிந்து கிழியும்போது, உள்ளிருக்கும் கொழுப்பு இரத்தத்துடன் கலக்கிறது. அவ்விடத்தில் சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து தமனி அடைபடுகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் இவ்வாறே நேர்கின்றன. எனவே படிவு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், அதன் உறை எவ்வளவு உறுதியானது என்பதே முதன்மையானது. அளவில் சிறிய, ஆஞ்சியோ பரிசோதனையில் அச்சம் தராத படிவும் கிழியக்கூடும்.

ஸ்டென்ட் இதில் ஓரிடத்தை மட்டுமே சரிசெய்கிறது. மாரடைப்பு அல்லது அதை ஒத்த நிலைக்குச் சிகிச்சை பெற்ற 697 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. மீண்டும் பாதிப்பு ஏற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, சிகிச்சை செய்யப்பட்ட இடத்தால் வந்த பாதிப்பு 12.9 சதவீதமாகவும், தொடப்படாத வேறு இடங்களால் வந்த பாதிப்பு 11.6 சதவீதமாகவும் இருந்தது. ஏறத்தாழச் சரிபாதி! “அடைப்பை எடுத்தாகிவிட்டது” என்னும் நிம்மதி இயற்கையானது. ஆனால் மற்ற படிவுகள் அப்படியே இருக்கின்றன.

அவற்றிற்கான மருந்தே ஸ்டாட்டின். இது கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியைக் குறைக்கிறது. அதனால் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ அதிகமாக இழுத்துக்கொள்கிறது. படிவின் உட்கூழ் மெல்லச் சுருங்குகிறது, அழற்சி தணிகிறது, உறை தடிக்கிறது. படிவு முற்றிலும் கரைந்து மறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உயர் அளவு ஸ்டாட்டினை இரண்டு ஆண்டுகள் கொடுத்துத் தமனிக்குள் அளந்து பார்த்த ஆய்வில், படிவின் பருமன் ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி மட்டுமே குறைந்தது. அடைப்பைக் கரைப்பதாக விளம்பரப்படுத்தப்படும் கஷாயங்களையும் பொடிகளையும் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உறையில் ஏற்படும் மாற்றமோ பெரிது. 65 மைக்ரோமீட்டருக்கும், அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமனுக்கும், குறைவான உறையை மருத்துவர்கள் ஆபத்தானதாகக் கருதுகிறார்கள். மாரடைப்பு வந்த 300 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஸ்டாட்டின் மட்டும் பெற்றவர்களுக்கு, மாரடைப்பை உண்டாக்காத மற்றத் தமனிகளில் உறையின் மிக மெல்லிய பகுதி ஓராண்டில் சராசரியாக 33 மைக்ரோமீட்டர் தடித்திருந்தது. கொழுப்பை மேலும் குறைக்கும் ஊசி மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 62-ஐத் தாண்டியது. இரத்தத்தில் எண் சில வாரங்களில் இறங்கிவிடும். சுவர் உறுதிப்படுவதற்கு ஆண்டுக்கணக்காகும். எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்தினால், சில வாரங்களில் எல்.டி.எல். பழைய அளவுக்கே ஏறிவிடும்.

சிலருக்குச் சிகிச்சையின்போது சி.டி. பரிசோதனையில் தமனிக் கால்சியம் கூடியிருப்பதாகத் தெரியவரலாம். ஸ்டாட்டின் உட்கொள்பவருக்கு இது படிவு இறுகி உறுதிப்படுவதன் விளைவாகவும் இருக்கக்கூடும். இதைக் கண்டு மருந்தை நிறுத்த வேண்டாம்.

இதன் பலன் உயிர்க்கணக்கிலும் தெரிந்திருக்கிறது. வட ஐரோப்பிய நாடுகளில் இதயநோயாளிகள் 4,444 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகளுக்கும் சற்று மேலான காலத்தில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 256 பேரும் ஸ்டாட்டின் பெற்றவர்களில் 182 பேரும் இறந்தனர்.

உடல்வலி வந்தால்?

மாத்திரையை நிறுத்துவோர் கூறும் பொதுவான காரணம் உடல்வலி. வலி உண்மையானது, அதற்குக் காரணம் மாத்திரைதானா என்பதே கேள்வி. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு, பிரிட்டனில் ஓராண்டுக்கான புட்டிகள் தரப்பட்டன: நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் மருந்தில்லா வெற்று மாத்திரை, நான்கு மாதம் காலிப் புட்டி. எந்த மாத்திரை எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் உணர்ந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது! முடிவை விளக்கியபின் அவர்களில் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டினைத் தொடங்கினர்.

உண்மையான தசைச் சிதைவு மிக அரிது, ஆயினும் உண்டு. தாங்க முடியாத தசைவலி, எழ முடியாத பலவீனம், கருஞ்சிவப்பு நிறச் சிறுநீர் ஆகியவை தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மற்ற வலிகளுக்கு, நிறுத்தும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசிடிமைப் சேர்க்கலாம். இரத்தச் சர்க்கரை சிறிதளவு உயரக்கூடும். மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டாட்டினால் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது. கருவுற்ற அல்லது கருவுறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காசநோய் மருந்து, சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவற்றுடன் ஸ்டாட்டின் வினைபுரியும் என்பதால், எந்த மருத்துவரிடம் சென்றாலும் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

முதல் மணி நேரத்திற்கான ஏற்பாடு இன்று தமிழ்நாட்டில் நன்றாகவே அமைந்துள்ளது. அதற்குப் பின்வரும் ஆண்டுகளில் மாத்திரை தொடர்வது நோயாளியையும் குடும்பத்தையும் பொறுத்தே இருக்கிறது. வீட்டிற்கு அனுப்பும் நாளில் நாங்கள் விளக்கும் நேரம் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஸ்டாட்டின் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வெளியே வாங்குவோர் 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களில் குறைந்த விலை மருந்துகளைக் கேட்டுப் பெறலாம். அட்டர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் எந்த வேளையிலும் உட்கொள்ளலாம். விடியற்காலை கடலுக்குச் செல்பவர் திரும்பி வந்தபின் உட்கொண்டாலும் போதும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாக உட்கொள்ள வேண்டாம். மருந்து தொடங்கிய ஒன்றரை மாதத்திற்குள் எல்.டி.எல். பரிசோதனை செய்து, அந்த அறிக்கையையும் மருத்துவமனை தந்த விடுவிப்புச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.