பதிவேடு போயிற்று, பதினான்கு நாள் கணக்கு நிற்கிறது

க்ளோசபைனுக்கென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருந்த ரெம்ஸ் பதிவேடு, 2024 நவம்பரில் அதன் ஆலோசனைக் குழு 14-க்கு 1 என்ற வாக்கில் அநாவசியமென்று தீர்மானித்ததன் பேரில், 2025 பிப்ரவரியில் கட்டாயம் தளர்ந்து, ஜூனில் அடியோடு நீக்கப்பட்டது. நியூட்ரோஃபில் எண்ணிக்கை உரிய வேளையில் பதிவாகவில்லை என்ற ஒரே காரணத்தால், தேறிவந்த நோயாளியை மருந்துக்கடை வெறுங்கையோடு அனுப்ப, அவர் மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் அநியாயத்துக்கு இத்துடன் ஒரு முடிவு ஏற்பட்டது. இதில் நமக்குப் பூரண சம்மதம்.

ஆனால் வெள்ளணுக்களை முப்பது வருஷத்துக்கு மேல் இத்தனை சிரத்தையோடு எண்ணிய அதிகாரிகள் இருதயத்துக்காக என்ன செய்தார்கள்? இம்மருந்தால் நேரும் மயோகார்டைட்டிஸ் (இருதயத் தசை அழற்சி) மரணங்களைப் பற்றி ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1999-இலேயே லான்செட்டில் எழுதி, 2011-இல் முதல் நான்கு வாரமும் ட்ரோபோனினும் சி.ஆர்.பி.யும் பார்க்கும் முறையொன்றையும் வகுத்துக் கொடுத்தார்கள். அமெரிக்க மருந்துக் குறிப்பிலோ கட்டம் கட்டிய எச்சரிக்கை உண்டு; வாராந்தரப் பரிசோதனைக்குக் கட்டளை கிடையாது.

பரம்பரைக் காரணங்களைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. க்யூ.டி. நீட்சியைப் பொறுத்தமட்டில் மரபணு ஓரளவு உபயோகப்படுகிறது. பிமோசைடு நாளொன்றுக்கு 4 மில்லிகிராமைத் தாண்டவேண்டுமானால் சி.ஒய்.பி.2டி6 பரிசோதனை செய்யும்படி அதே நிர்வாகம் எழுதி வைத்திருக்கிறது. க்ளோசபைன் மயோகார்டைட்டிஸுக்கு அப்படியொரு நிச்சயமான மரபணு அகப்படவில்லை. எச்.எல்.ஏ. பிரதேசத்தில் சில சாடைகள் தென்பட்டன. ஆராயப்பட்டவர்களோ மிகச் சிலர், அவர்களிலும் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தினர். இதற்கென்று மரபணுப் பரிசோதனை விற்க வருபவரை வாசலோடு வழியனுப்பிவிடலாம்.

நமது கவலை அளவை ஏற்றும் வேகத்தைப் பற்றியது. முன்பும் சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம். க்ளோசபைனைக் கழிக்கும் சி.ஒய்.பி.1ஏ2 என்சைமின் வேகம் ஆசிய வம்சத்தினரிடம் சராசரியில் குறைவு. அழற்சி கண்டாலோ அது இன்னும் மந்தப்பட்டு, இரத்தத்தில் மருந்து தேங்கி, தேங்கிய மருந்தே அழற்சியை வளர்க்கிறதென்று கருத இடமுண்டு. முதல் ஒன்பது நாட்களில் கொடுத்த அளவு ஏற ஏற அபாயமும் ஏறியதென்றும், வால்ப்ரோயேட் உடன்சேர்ந்தால் அது பெருகியதென்றும் ஆஸ்திரேலிய ஆய்வே காட்டிற்று. 2022-இல் சர்வதேச நிபுணர்கள் கூடி, ஆசிய வம்சத்தில் புகைபிடிக்காத பெண்ணுக்கு 175, புகைபிடிக்கும் ஆணுக்கு 300 மில்லிகிராமே குறைந்தபட்ச அளவாகப் போதுமென்று எழுதினார்கள். (பாகிஸ்தான் முதல் ஜப்பான் வரை எல்லோரையும் ஒரே வம்சமாகக் கட்டியிருக்கிறார்கள், தமிழனின் ஈரலைத் தனியே யாரும் அளக்காத வரையில் அதையும் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.) இவ்வளவும் வெளியான பின்னும், பன்னிரண்டரை மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் 300 முதல் 450 வரை ஏற்றிவிடும் கணக்கு, சகல வம்சத்தினருக்கும் பொதுவாக, அமெரிக்க மருந்துக் குறிப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பிறவியிலேயே வெள்ளணு குறைந்த வம்சத்தினருக்கு 2015-இல் தனி வரம்பு எழுதிக்கொடுத்த நிர்வாகத்துக்கு, வம்சம் என்பது இரத்தத்தில் மட்டும் ஓடி ஈரலையும் இருதயத்தையும் எட்டாமல் நின்றுவிடுகிறது போலும்! பதிவேட்டை எடுத்த அதே பேனாவால் இந்த ஒரு வரியையும் திருத்தியிருக்கலாம். திருத்தச் சொல்லிக் கேட்பதற்கு அங்கே நம் வம்சத்தார் போதிய அளவில் இல்லையென்பதைத் தவிர இந்த மௌனத்துக்கு வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

இவ்விதழுக்கு மயோகார்டைட்டிஸ் விவரங்கள் அனுப்பும் அன்பர்கள், முதல் இருபத்தெட்டு நாட்களில் நாள்தோறும் கொடுத்த அளவு, வாராந்தர சி.ஆர்.பி., புகைப்பழக்கம், வால்ப்ரோயேட் ஆகியவற்றைத் தவறாமல் எழுதவேண்டும். இவையில்லாத விவரங்களை இனிப் பிரசுரிப்பதற்கில்லை.